படல் ஆட்டுக்குத்தான், ஆளுக்கல்ல

அவிநாசியில் எனக்குத் தெரிந்த வரி ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். ஊரில் எல்லோரும் அவரை ஆடிட்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் சிஏ முடித்தவர் அல்ல. அதைப் பற்றி யாருக்கும் கவலையும் இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. போன மாதம், கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுகிறது என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். மானிட்டருக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் விண்டோஸ் பாஸ்வேர்டு எழுதியிருந்தது. ஒற்றை இலக்கம்: 1. மூன்று பையன்களும் ஒரு பெண்ணும் அதே கணக்கில்தான் நாள் முழுக்க மாறி மாறி உள்ளே போய் வருகிறார்கள்.

க்ரோமின் செட்டிங்ஸில் போய் பாஸ்வேர்டு பட்டியலைத் திறந்தேன். ஜிஎஸ்டி தளம் என்ற ஒற்றை வரியைத் தொட்டால் அதற்குக் கீழே ஊரே இருந்தது. நிட்டிங் யூனிட், பவர்டேபிள் வைத்திருப்பவர், செக்கிங் செக்‌ஷன் நடத்துகிறவர், நான்கு விசைத்தறிக்காரர்கள், பாத்திரக்கடை, ஒரு கல்யாண மண்டபம். வருமான வரிக்குத் தனி வரிசை, இ-வே பில்லுக்குத் தனி வரிசை, பிஎஃப், இஎஸ்ஐ, சிலருக்கு நெட்பேங்கிங்கூட. மொத்தம் இருநூறுக்கும் மேலே. கண் படத்தைத் தொட்டதும் க்ரோம் விண்டோஸ் பாஸ்வேர்டைக் கேட்டது. ஸ்டிக்கரைப் பார்த்து 1 தட்டினேன். எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது.

“இதெல்லாம் நம்ம பசங்களுக்குத் தெரியறதுதானுங்க தம்பி. வெளியாளு எப்படி இந்தச் சேர்ல வந்து உக்காருவான்?” என்றார்.

சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால் இதே வாதத்தைக் கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவர்கள் இவரைவிட நல்ல ஆங்கிலத்தில் ஏற்கனவே சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு அதற்காகச் சம்பளம் வேறு.

இலக்கிய இதழில் இந்தக் கதைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். கடவுச்சொல் என்பதை யாரோ பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து செய்த மொழிபெயர்ப்பு என்று நினைக்கிறோம். எங்கள் பக்கம் கடவு என்பது புழங்குகிற சொல். தோட்டத்துக் கிளுவை வேலியில் ஆள் போய்வர விட்டிருக்கும் இடைவெளிக்குக் கடவு என்று பேர். அதைச் சாத்தி வைக்கிற தட்டி படல். படல் ஆட்டைத் தடுக்கும். மாட்டையும் ஓரளவு தடுக்கும். ஆளைத் தடுக்காது; தடுக்க வேண்டும் என்று யாரும் அதைக் கட்டவும் இல்லை. ஆள் என்றால் ஒரு கையால் தூக்கி நகர்த்திவிட்டு உள்ளே வந்துவிடலாம். இது எல்லோருக்கும் தெரிந்ததால்தான் யாரும் நகையைக் களத்துமேட்டில் வைப்பதில்லை.

பிரவுசர் செய்தது என்ன? படலைக் கட்டிவிட்டு, “நகையை இங்கேயே வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று நீலநிறப் பட்டன் ஒன்றை மாட்டியது. புதிதாக ஒரு தளத்துக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் அந்தப் பட்டன் வந்து நிற்கிறது. சேவ்? சேவ்? சேவ்? இந்தக் கம்ப்யூட்டரை எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள் என்று அது ஒருநாளும் கேட்டதில்லை.

சேவ் கொடுத்த பாஸ்வேர்டு எங்கே போகிறது? விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் ‘லாகின் டேட்டா’ என்று ஒரு கோப்பு. சாதாரண எஸ்க்யூலைட் தரவுத்தளம். பாஸ்வேர்டுகள் அதில் பூட்டித்தான் இருக்கும், பொய் சொல்லக்கூடாது. 2020-இலிருந்து ஏஇஎஸ்-256 பூட்டு. உடைப்பதற்கு உலகத்தில் எவனாலும் ஆகாது. ஆனால் அந்தப் பூட்டின் சாவி பக்கத்திலேயே ‘லோக்கல் ஸ்டேட்’ என்கிற இன்னொரு கோப்பில் இருக்கிறது. அந்தச் சாவியை விண்டோஸின் டிபிஏபிஐ என்கிற ஏற்பாடு ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறது. உறையைப் பிரிக்க என்ன தகுதி வேண்டும்? அதே விண்டோஸ் கணக்கில் ஓடுகிற நிரலாக இருந்தால் போதும். க்ரோமாக இருக்க வேண்டியதில்லை. நீங்கள் இறக்கிய பிடிஎஃப் மாற்றியும் நீங்கள்தான், சினிமா டவுன்லோடரும் நீங்கள்தான், விண்டோஸின் பார்வையில். கதவுக்குக் கோத்ரெஜ் பூட்டுப் போட்டு, சாவியை நிலைமேல் வைத்துவிட்டு, வீட்டுக்குள் வந்த யாருக்கும் கை எட்டும்படி விட்டிருக்கிறது. எனக்கு முன்னால் வந்து ‘1’ கேட்டதே, அந்தக் கேள்விகூடத் திருட்டு நிரலுக்கு வராது. அது திரையைத் திறப்பதில்லை, நேராகக் கோப்பைத் திறக்கிறது.

லினக்ஸ் இன்னும் வேடிக்கை. அங்கே சாவிக்கொத்து மென்பொருள் எதுவும் இல்லாவிட்டால் க்ரோம் எல்லோருக்கும் பொதுவான ஒரே சொல்லை வைத்துப் பூட்டுகிறது. குரோமியத்தின் மூலநிரலில் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். அந்தச் சொல் ‘பீநட்ஸ்’. பூட்டும்போது சேர்க்கும் உப்பு, அதற்குத் தொழில்பாஷையிலேயே சால்ட் என்றுதான் பேர், ‘சால்ட்டிசால்ட்’. எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் உப்புப் போட்ட கடலைக்காய்.

இப்போது அந்தக் கலிபோர்னியா வாதம். 2013 ஆகஸ்டில் எலியட் கெம்பர் என்கிற மென்பொருளாளர், க்ரோமில் யார் வந்து உட்கார்ந்தாலும் எல்லா பாஸ்வேர்டையும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடலாம், இது பைத்தியக்காரத்தனம் என்று எழுதினார். அப்போது விண்டோஸ் பாஸ்வேர்டைக்கூடக் கேட்காது. க்ரோமின் பாதுகாப்புப் பிரிவுத் தலைவர் ஜஸ்டின் ஷூ பதில் சொன்னார். சாரம் இதுதான்: கெட்டவன் உங்கள் கணக்குக்குள் வந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, அவன் பாஸ்வேர்டை எடுக்க ஆயிரம் வழி, நடுவில் ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்தால் அது மக்களுக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வைத்தான் கொடுக்கும். வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீயே, அக்காவின் பாஸ்வேர்டுகளை எல்லாம் எடுப்பது எப்படி என்று கிண்டலாகக் குறிப்பிட்டு, க்ரோம் குழுவின் பதில் ஏமாற்றமளிக்கிறது என்று ட்வீட் போட்டார்.

ஷூவின் வாதத்தில் உண்மை இருக்கிறது, அதை மறைத்துவிட்டு நான் சண்டை போடப்போவதில்லை. ஒரே கணக்குக்குள் ஓடும் இரண்டு நிரல்களைப் பிரித்து வைப்பது மெய்யாகவே கடினம். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: போலித் தளத்தில் அது தானாக வந்து நிரம்பாது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது. எல்லாம் சரி. என் கேள்வி வேறு. படல் ஆளைத் தடுக்காது என்று உங்களுக்குத் தெரியும் என்றால், நகையை இங்கே வை என்று ஏன் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்? பொய்யான பாதுகாப்பு உணர்வு மாஸ்டர் பாஸ்வேர்டில் வருகிறதா, அந்த நீலப் பட்டனில் வருகிறதா? பயர்பாக்ஸில் பல வருடமாக மாஸ்டர் பாஸ்வேர்டு வசதி இருக்கிறது, இப்போது பிரைமரி பாஸ்வேர்டு என்று பெயர். இயல்பாக அது அணைந்தே இருக்கும், போய்த் தேடித்தான் போட வேண்டும், ஆனாலும் இருக்கிறது. க்ரோமில் கோப்பைப் பூட்ட அப்படி ஒன்றை அவர்கள் கொடுக்கவே இல்லை.

கடைசியில் 2024 ஜூலையில், க்ரோம் 127-இல், விண்டோஸுக்கு மட்டும் ஒரு புதிய பூட்டு வந்தது. சாவியைக் கேட்பது க்ரோம்தானா என்று சரிபார்த்துக் கொடுக்கிற ஏற்பாடு. முதலில் குக்கிகளுக்குப் போட்டார்கள். செய்ய முடியாது, செய்து பயனில்லை என்று சொன்ன வேலையைப் பதினோரு வருடம் கழித்துச் செய்தார்கள். சில மாதத்துக்குள் திருட்டு நிரல்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அது வேறு கதை. ஆனால் அந்தப் பதினோரு வருடம்? அதற்குள்தான் ஜிஎஸ்டி வந்தது, இ-வே பில் வந்தது, அவிநாசியில் ஐந்தாம் வகுப்புப் படித்த விசைத்தறிக்காரர் தலையில் அரை டஜன் பாஸ்வேர்டு வந்து விழுந்தது.

வெளியாள் எப்படி வருவான் என்ற ஆடிட்டரின் கேள்விக்கு வருகிறேன். நாற்காலியில் வந்து உட்காருவதில்லை. ரெட்லைன், ரக்கூன், விடார், லும்மா என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிறான். இன்போஸ்டீலர் என்று இந்த ஜாதிக்குப் பெயர். ஒரு கம்ப்யூட்டரில் சில நொடி ஓடினால் போதும்: பிரவுசர் கோப்புகள், குக்கிகள், மெயில் மென்பொருளின் பாஸ்வேர்டுகள், டெஸ்க்டாப்பில் கிடக்கும் ‘பாஸ்வேர்டு’ என்று பெயரிட்ட எக்ஸெல், எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டுப் பல நேரம் தன்னையே அழித்துக்கொண்டு போய்விடும். அந்த மூட்டைக்கு லாக் என்று பெயர். டெலிகிராமில் விற்பார்கள். 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் முன்னின்று ரெட்லைனை முடக்கியது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் அமெரிக்க நீதித்துறையும் லும்மாவின் தளங்களைப் பிடித்தபோது, இரண்டே மாதத்தில் உலகெங்கும் 3,94,000 விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது.

இங்கேதான் நம் உபதேசிகள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. பேங்க் போர்டில், எஸ்எம்எஸ்ஸில், காலேஜ் விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஒரே பாட்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறி, எல்லாம் கலந்து வையுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள், அடிக்கடி மாற்றுங்கள். இந்தக் குறி-எண் விதிகளுக்கு 2003-இல் அமெரிக்க நிஸ்ட் நிறுவனத்துக்காக ஆவணம் எழுதியவர் பில் பர். 2017-இல் அவரே, நான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துகிறேன் என்று பேட்டி கொடுத்துவிட்டார். அதே வருடம் நிஸ்ட்டும், காரணமில்லாமல் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லாதே என்று திருத்திக்கொண்டது. இங்கே பாட்டு மாறவில்லை. லும்மாவுக்கு முப்பத்திரண்டு எழுத்துக் கடினமான பாஸ்வேர்டும் ஒன்றுதான், ஆடிட்டரின் 1-உம் ஒன்றுதான். அது யூகிப்பதில்லை, படிக்கிறது. சுவரில் கன்னம் வைக்கிறவனிடம் கதவுத் தாழ்ப்பாளின் தடிமனைப் பற்றிப் பேசுகிறோம்.

இந்த உபதேசத்துக்கு இன்னொரு வேலை உண்டு. பழியைப் போட ஆள் பிடித்துத் தருவது. அதை நான் நேரில் பார்த்தேன்.

நாலு வருடம் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் ஒரு சின்ன ஏற்றுமதி யூனிட். கம்ப்யூட்டர்கள் எல்லாம் என் சர்வீஸ். வெளிநாட்டு பையரிடமிருந்து வர வேண்டிய பதினெட்டு லட்சம் வரவில்லை. கேட்டால், போன வாரமே அனுப்பிவிட்டோமே, நீங்கள் மெயிலில் கொடுத்த புது பேங்க் கணக்குக்கு, என்றார்கள். மெயில் போலி முகவரியிலிருந்து போனதல்ல. கம்பெனியின் அதே முகவரி, அதே பேச்சுத் தொடரில் அடுத்த பதில், மெர்ச்சண்டைசர் பெண்ணின் கையொப்பத்தோடு. பையர் கேட்ட மறுகேள்விகள் அவள் கண்ணில் படாமல் வேறு போல்டருக்குப் போகும்படி மெயில்பெட்டியில் ஒரு விதியும் போட்டு வைத்திருந்தான். ஓடிபி எதுவும் வரவில்லை. உள்ளே நுழைந்த குக்கியையே எடுத்துக்கொண்டு போனவனுக்கு ஓடிபி எதற்கு? திருப்பூர்ப் பக்கம் ஏற்றுமதிக்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஆளுக்கொன்று கேள்விப்பட்டிருப்பார்கள்.

ஓனர் அந்தப் பெண்ணை இரண்டு நாள் ஆபீஸ் ரூமில் உட்கார வைத்துக் கேட்டார். “பாஸ்வேர்டை யாருகிட்டச் சொன்னே அம்மணி? உண்மையச் சொல்லிப்போடு.” அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதை எப்படி நிரூபிப்பது? மூன்றாம் நாள் வரவில்லை. அப்பா வந்து டிபன் பாக்ஸையும் ஸ்வெட்டரையும் வாங்கிக்கொண்டு போனார்.

அவளுடைய கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தவன் நான். பிடிஎஃப் மாற்றி என்று எங்கிருந்தோ இறக்கிய ஒன்று டவுன்லோட்ஸில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: விண்டோஸை லைசென்ஸ் இல்லாமல் ஓட வைக்கிற ஆக்டிவேட்டர். அது நான் போட்டது. எல்லா வீட்டிலும் எல்லா ஆபீஸிலும் போடுவது. ஒரிஜினல் வாங்கலாங்கணா என்று சொன்னால், “பக்கத்துக் கடைல சும்மாவே போட்டுத் தர்றானே” என்பார்கள். ஆக்டிவேட்டர் ஓட வேண்டுமென்றால் முதலில் ஆன்டிவைரஸை நிறுத்து என்று அதன் குறிப்பே சொல்லும். நிறுத்துவேன். பல வருடம் நிறுத்தியிருக்கிறேன். இரண்டில் எது கதவைத் திறந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஓனரிடம் நான் சொன்னது, “வைரஸ்ங்கணா, அந்தப் பொண்ணு மேல தப்பில்லீங்க” என்று மட்டும். ஆக்டிவேட்டரைப் பற்றிச் சொல்லவில்லை. அவரும், “வைரஸ் எப்படிக் கண்ணு மெயில் எழுதும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவிநாசிக்கு ஒரு பழைய கதை உண்டு. குளத்தில் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பதிகம் பாடி மீட்டுக் கொடுத்தார், அதுவும் இடையில் போன வருடங்களுக்கான வளர்த்தியோடு. போன பாஸ்வேர்டுக்கு அந்தப் பதிகம் பலிக்காது. அது ஒன்றல்ல, நகல். திருடியவனிடம் இருக்கும், வாங்கியவனிடம் இருக்கும், அவனிடம் வாங்கியவனிடமும் இருக்கும்.

சின்ன ஊர், சின்ன ஆபீஸ், விவரமில்லாத ஜனங்கள் என்று இதை ஒதுக்க வேண்டாம். 2019 செப்டம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்து வலையமைப்பில் டிட்ராக் என்கிற உளவு நிரல் இருந்தது. அக்டோபர் கடைசியில் செய்தி வெளியானபோது, இணையத்தாக்குதல் சாத்தியமே இல்லை என்று முதலில் அறிக்கை வந்தது. மறுநாளே, அக்டோபர் 30 அன்று, அணுமின் கழகம் நிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு பயனரின் கம்ப்யூட்டரில் இருந்தது, உலையை இயக்கும் வலையமைப்பு தனி என்றது. நல்லது. ஆனால் டிட்ராக் என்ன செய்யும்? தட்டுகிற விசைகளைக் குறித்துக்கொள்ளும், பிரவுசர் வரலாற்றை எடுக்கும், கோப்புகளைப் பட்டியல் போடும். வெளியே கிடைத்த மாதிரிக்குள் ஆலையின் உள்வலைக்கான ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எழுதியே இருந்ததை ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அணு உலைக்கே நிர்வாகப் பிரிவின் மேசைக் கம்ப்யூட்டர்தான் கடவு. 2024 மே மாதம் தமிழ்நாடு போலீஸின் முகமறியும் மென்பொருள் தளத்துக்குள் ஆள் புகுந்தபோது, அட்மின் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு போய்விட்டது என்று போலீஸே சொன்னது. நம் முகங்களைச் சேர்த்து வைப்பவர்களின் நிலைமை இது. ஆடிட்டரின் ஸ்டிக்கரைப் பார்த்து நாம் சிரிக்கிறோம்.

அரசாங்கம் இதில் வெறும் வேடிக்கை பார்ப்பவர் அல்ல. ஒவ்வொரு பவர்டேபிள்காரரையும் ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொள் என்று கட்டாயப்படுத்தியது அது. அவரால் அதை நடத்த முடியாது, ஆடிட்டரிடம்தான் கொடுப்பார் என்பது தில்லியில் தெரியாததல்ல. ஜிஎஸ்டி தளத்திலேயே, பதிவுபெற்ற ஜிஎஸ்டி பிராக்டிஷனரை நியமித்து அவர் தன் சொந்த லாகினில் வேலை செய்கிற வழி இருக்கிறது. நான் போகிற ஆபீஸ்களில் அதைப் பயன்படுத்துகிறவரை இன்னும் பார்க்கவில்லை. சுற்றுவழி, கிளையன்ட் ஒவ்வொருவரும் உள்ளே போய் அனுமதி கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டை வாட்ஸாப்பில் அனுப்புவது அதைவிட லேசு. 2025 ஏப்ரலிலிருந்து எல்லோருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, ஓடிபி இல்லாமல் இ-வே பில் தளத்துக்குள் நுழைய முடியாது என்று கொண்டுவந்தார்கள். நல்ல நோக்கம்தான். எங்கள் ஊரில் என்ன ஆனது? நியூலுக்கும் துணிக்கும் நடுவில் நிற்கும் ஆளுக்கு ஓடிபி பார்த்துச் சொல்ல நேரமில்லை. பதிவு செய்திருக்கிற எண்ணே பாதிப்பேருக்கு ஆடிட்டர் ஆபீஸ் செல்போன் எண். பாஸ்வேர்டு கம்ப்யூட்டரில், ஓடிபி வரும் போன் அதே மேசையில் சார்ஜில். இரண்டு படல், ஒரே கடவில், ஒன்றின்மேல் ஒன்று சாய்த்து.

நாளைக்கு ஏதாவது ஆனால் சட்டம் யாரைப் பிடிக்கும்? தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தியவனுக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்கிறது. அவன் எந்த நாட்டில் இருக்கிறானோ. 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு வைக்காதவருக்கு 250 கோடி வரை அபராதம் போடலாம் என்கிறது. அந்தப் பொறுப்பு யாருக்கு? என் வாசிப்பில், ஊர்க்காரர்களின் தகவலை வாங்கி வைத்திருக்கிற ஆடிட்டருக்கு. ‘சேவ் பண்ணட்டுமா’ என்று இருநூறு முறை கேட்ட பிரவுசருக்கு அல்ல.

பாஸ்வேர்டு மேனேஜர் போட்டுக்கொள்ளச் சொல்லேன், எதற்கு இவ்வளவு புலம்பல் என்று பெங்களூரில் இருக்கும் என் நண்பர்கள் கேட்பார்கள். சொல்கிறேன், சொல்லாமல் இல்லை. கீபாஸ் இலவசம், கோப்பு பூட்டியிருக்கும்போது திருட்டு நிரல் எடுத்துக்கொண்டு போனாலும் மாஸ்டர் பாஸ்வேர்டு இல்லாமல் அது வெறும் குப்பை. க்ரோம் கொடுக்க மறுத்தது இதைத்தான். ஆனால் திறந்து வைத்திருக்கும் நேரத்தில் அதுவும் திறந்த பெட்டிதான். லாஸ்ட்பாஸ் கதை தெரிந்திருக்கும். 2022-இல் வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்டுப் பெட்டிகளின் காப்பு நகல்களையே திருடர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். எப்படி? கம்பெனியின் மூத்த இன்ஜினியர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் நுழைந்து, அவர் தட்டிய மாஸ்டர் பாஸ்வேர்டைக் கீலாகரில் பிடித்து. பாஸ்வேர்டைக் காப்பதே தொழிலாக இருந்தவர்களின் கதையும் ஒரு வீட்டு மேசையில்தான் முடிந்தது. அடுத்தது பாஸ்கீ, பாஸ்வேர்டே வேண்டாம், உன் போனும் கைரேகையும் போதும் என்கிறார்கள். ஒரு ஆள், ஒரு போன், ஒரு கணக்கு என்கிற உலகத்துக்கு அது அருமை. நாலு பேர் ஒரு சேரில் மாறி மாறி உட்கார்ந்து இருநூறு பேரின் கணக்கைப் பார்க்கிற அறைக்கு யாருடைய விரலை வைப்பது?

இதையெல்லாம்விட எனக்கு எரிச்சலூட்டுவது நோட்டுப்புத்தகத்தைப் பார்த்துச் சிரிப்பதுதான். ஆடிட்டரின் அப்பா காலத்திலிருந்து அந்த ஆபீஸில் கணக்கு எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் எல்லா பாஸ்வேர்டையும் நீளநோட்டில் பென்சிலில் எழுதி, சாயங்காலம் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு போவார். பையன்கள் கேலி செய்தார்கள். நானும்தான். அவர் ஓய்வுபெற்றதும் நோட்டிலிருந்ததை எல்லாம் க்ரோமில் ஏற்றினார்கள். புரூஸ் ஷ்னையர், கணினிப் பாதுகாப்பில் பெரிய தலை, 2005-லேயே பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி மணிபர்ஸில் வையுங்கள், காகிதத்தைக் காப்பது எப்படி என்று மனிதர்களுக்குத் தெரியும் என்ற அர்த்தத்தில் எழுதியிருக்கிறார். வேறு கண்டத்தில் இருக்கும் திருடன் லாகின் டேட்டாவை இழுக்கலாம். அவிநாசியில் இருக்கும் பீரோவுக்கு அவன் பஸ் பிடித்துத்தான் வர வேண்டும். ஆபீஸ் பையன் ஒருவன் நோட்டைப் படம் எடுக்கலாம், ஆமாம். அப்போது யார் எடுத்தது என்று தேடுவதற்கு நாலு பேர்தான் இருப்பார்கள். அந்த மெர்ச்சண்டைசர் பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒன்றுக்கு மேற்பட்டவர் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால் பிரவுசர் சேமிக்கட்டுமா என்று கேட்கவே கூடாது. சேமிக்கத்தான் வேண்டும் என்றால் மாஸ்டர் பாஸ்வேர்டு இல்லாமல் சேமிக்கக் கூடாது. இதைச் செய்வது க்ரோமுக்கு ஒரு வாரத்து வேலை. செய்தால் ‘சேவ்’ பட்டனை அமுக்குகிறவர்கள் குறைவார்கள், அதுதான் தடை என்று நான் சந்தேகப்படுகிறேன். ஜிஎஸ்டி தளத்தில் பிராக்டிஷனர் வழியை வாட்ஸாப்பைவிட லேசாக்க வேண்டும். அதுவரைக்கும், பாஸ்வேர்டு போனது என்று ஒரு ஆபீஸில் பேச்சு வந்தால், யாரிடம் சொன்னாய் என்று முதல் கேள்வி கேட்பதை நிறுத்தலாம். அந்தக் கம்ப்யூட்டரில் விண்டோஸ் போட்டது யார் என்று கேட்கலாம். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

ஆக்டிவேட்டர் போடுவதை நிறுத்திவிட்டேன். மூன்று வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். ஆடிட்டரிடம் கீபாஸ் பற்றிச் சொல்லி, ஒவ்வொரு பையனுக்கும் தனி விண்டோஸ் கணக்கு, க்ரோமில் இருப்பதை எல்லாம் அழித்துவிடலாம், ஒருநாள் வேலை என்றேன். ஒத்துக்கொண்டார். எப்போது வரட்டும் என்று கேட்டேன். காலண்டரைப் பார்த்தார்.

“இருவதாந்தேதி த்ரீ-பி முடியட்டும் தம்பி. அதுக்கு முன்னால ஒருத்தரும் அந்த சிஸ்டத்தத் தொடப்படாது.”

இருபது முடிந்தது. அடுத்த மாதம் பதினொன்று வரப்போகிறது, ஜிஎஸ்டிஆர்-ஒன். இன்னும் கூப்பிடவில்லை.